கூடு வாங்குதலும் கூட்டி அமைத்தலும்

மதுரை மாநகரில் வையையாற்றின் தென்கரையை அடுத்து விளங்குவது சிம்மக்கல் என்னும் பகுதி. கல்லாலாகிய சிங்கத்தினால் அமைந்தது இப்பெயர். அதற்கு அணித்தே யானைக்கல் என்பதும் உண்டு. காட்டில் யானையும் சிங்கமும் தீராப் பகையுடையன என்று புலவர்கள் பாடி வைத்தனர். மதுரையிலோ அவை இரண்டும் கல்லாய்ச் சமைந்து, பேருந்துகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டு அண்டை வீட்டாராய் வாழ்கின்றன. சிம்மக்கல்லை ஒட்டிய திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெயர்பெற்றது. ஒருவர் வேண்டாவென்று கழித்த பொருள் மற்றொருவருக்கு வேண்டிய பொருளாக மாறும் இடம் அது.

இப்பகுதியில் வாழும் மாணவி ஒருத்தி ஒருநாள் மாலை என் இல்லத்திற்கு வந்தாள். பதினோராம் வகுப்பிற் கணிப்பொறி அறிவியல் பயில்பவள். "ஐயா, பேர்போன் கிட் என்பதற்குத் தமிழ் என்ன?" என்று வினவினாள்.

"பேர்போன என்பதே தமிழ்தானே, அம்மா! புகழ்மிக்க என்பது பொருள்" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பின்னர்த்தான் அது வேறு சொல் என்பது எனக்கு விளங்கிற்று. சதையும் தோலும் இல்லாத வெறும் எலும்பு என்பது அவ்வாங்கிலச் சொல்லின் பொருளாம். கணிப்பொறியின் புறக்கூடு, அதனுள் பதித்த தாய்ப்பலகை, மின்னூட்டும் பகுதி ஆகிய இவற்றை மட்டும் ஒன்றாகப் பொருத்தி விற்பர். நினைவகமும் சேமிப்பகமும் வாங்குவோரே வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டும். சிலவற்றில் ப்ராசஸர் எனப்படும் செயலியும் உடன் வரும், சிலவற்றில் வாராது. இதனை "வெற்றுக்கூட்டுத் தொகுதி" என்று சொல்லலாம் என்றேன். அவள் முகம் மலரவில்லை. சொல் தேடி வந்தவள் அல்லள் அவள். ஒரு முடிவு தேடி வந்தவள்.

அவளுடைய அன்னையார் தையற்றொழில் செய்பவர். பல திங்கள் சீட்டுக் கட்டி எடுத்த ரூ.30,000 மகளின் கணிப்பொறிக்கென்று வைக்கப்பட்டிருந்தது. அத்தொகைக்குக் கடைக்காரர் ஒருவர் மேற்சொன்ன தொகுதியை வாங்குமாறு கூறினார். தெருவில் கணிப்பொறி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரோ, ஒவ்வோர் உறுப்பாகத் தனித்தனியே வாங்கி நாமே கூட்டி அமைத்தலே நன்று என்றார். இருவரும் பொய் கூறுவோர் அல்லர். ஆதலின் அவளுக்குக் குழப்பம் மிகுந்தது. அன்னையார் கேட்டதோ ஒரே கேள்வி: "கெட்டுப்போனால் யார் பார்ப்பார்?"

மாணவர்களே, முதலில் வெற்றுக்கூட்டுத் தொகுதி எத்தகையது என்பதை நம் நாட்டுக் காட்சி ஒன்றினால் அறிந்துகொள்ளலாம். நெடுஞ்சாலையிற் செல்லும்போது, மேற்கூரையும் சுவரும் இருக்கைகளும் இன்றி, சக்கரமும் எஞ்சினும் நீண்ட இரும்புச் சட்டமும் மட்டும் உடைய வண்டியை ஓட்டுநர் ஒருவர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டிச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். அதனைச் சேசிஸ் என்பர். தொழிற்சாலையிலிருந்து அது கரூர் போன்ற ஊர்களுக்குச் செல்லும். கரூர் பேருந்துக் கூடு கட்டும் தொழிலிற் பெயர்பெற்ற ஊர். அங்கே தகடு அடித்து, கண்ணாடி பொருத்தி, இருக்கை அமைத்து, வண்ணம் தீட்டிப் பேருந்தாக்குவர். எஞ்சினைப் பற்றியோ சக்கரத்தின் அளவைப் பற்றியோ பேருந்தின் உரிமையாளர் கவலையுற வேண்டுவதில்லை. அதனைத் தொழிற்சாலையார் தீர்த்துவிட்டனர். இருக்கை எத்தனை, சாளரம் எவ்வளவு அகலம் என்பனவே அவர் முடிவு செய்வன. வெற்றுக்கூட்டுத் தொகுதியும் இத்தகையதே.

மற்றையது ஒவ்வோர் உறுப்பையும் தேர்ந்து கூட்டுவது. கடைத்தெருவில் இவற்றைக் கேபினெட், மதர்போர்டு, ப்ராசஸர், ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்வர். எண்ணிப் பார்த்தால் ஆறு. பகுபத உறுப்புகளும் ஆறு என நன்னூல் கூறுவது உங்களுக்கு நினைவு வரலாம்; எனக்கு வந்தது. ஒப்புமை எண்ணிக்கையோடு நிற்கவில்லை. "உண்" என்னும் பகுதியோடு "ட்" என்னும் இடைநிலை சேர்ந்து "உண்டான்" ஆகும். "நட" என்பதோடு அதே இடைநிலையைச் சேர்த்தால் வரும் ஒலியைத் தமிழர் எவரும் சொல் என்று கொள்ளார். உறுப்புகள் தனித்தனியே நல்லனவாயினும் ஒன்றோடொன்று புணரும் தகுதி வேண்டும். கணிப்பொறியிலும் அவ்வாறே. ஒரு நிறுவனத்தின் செயலி மற்றொரு நிறுவனத்தின் செயலிக்கென அமைந்த தாய்ப்பலகையில் அமராது. ஒரே நிறுவனத்தின் பழைய தலைமுறைப் பலகையிற் புதிய தலைமுறைச் செயலி அமராமற் போவதும் உண்டு. டி.டி.ஆர்.4 என்னும் வகை நினைவகத்தில் உள்ள வெட்டும் டி.டி.ஆர்.5 வகையில் உள்ள வெட்டும் வெவ்வேறிடத்தில் அமைந்தவை. வலிந்து அழுத்தினால் உடையுமேயன்றி நுழையாது. சில செயலிகளுள் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இராது. அதனை அறியாது வாங்கியவர் எல்லாவற்றையும் பொருத்திவிட்டு இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்தொல்லைகள் வெற்றுக்கூட்டில் மிகக் குறைவு. ஆக்கியோரே பொருத்தம் பார்த்துவிடுகின்றனர். இடமும் சிறிதே கொள்ளும். மேசையில் ஒரு புத்தகத்தின் அளவே போதும். செயலி பெரும்பாலும் மடிக்கணிப்பொறிக்குரிய இனம் ஆதலின், 15 வாட் அளவு மின்சாரத்தில் இயங்குவனவும் உள. பொறுப்புச் சீட்டும் ஒன்று. பழுது நேர்ந்தால் ஒரே கடையை நாடலாம். கூட்டி அமைத்ததிலோ ஆறு உறுப்புக்கும் ஆறு சீட்டு; எது பழுது என்று கண்டறிந்த பின்னரே எந்தச் சீட்டைத் தேடுவது என்பது தெரியும். இவற்றையெல்லாம் கடைக்காரர் சொன்னார், சரியாகவே சொன்னார்.

அவர் சொல்லாது விட்டது ஒன்று. அக்கூட்டினுள் இருக்கும் தாய்ப்பலகை அக்கூட்டுக்கென்றே வெட்டப்பட்டது. செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பின், ஒன்று கெட்டால் இரண்டும் போயின. அதே அளவுள்ள பலகை பிறரிடம் கிடைப்பது அரிது. ஆக்கியோர் அத்தொழிலைத் தொடர்வர் என்பதற்கும் உறுதியில்லை. இவ்வகைச் சிறுபொறிகளை "நக்" என்னும் பெயரால் விற்றுவந்த இன்டெல் நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் அதிலிருந்து விலகிற்று. ஏசுஸ் நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது. இன்டெல்லே 1995 ஆம் ஆண்டில் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வெளியிட்டது. திருகுத் துளைகள் எங்கெங்கு அமைய வேண்டும், மின்கம்பி எவ்வடிவில் நுழைய வேண்டும் என்று அது வகுத்தது. பலரும் அதனைப் பின்பற்றியமையால், இருபது ஆண்டுகட்கு முன் செய்த புறக்கூட்டில் இன்று வாங்கிய பலகையைத் திருகிவிடலாம். இலக்கணம் என்பது இதுதான். பவணந்தியார் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயினும் அவர் விதித்தபடி நாம் இன்றும் சொற்களைப் புணர்க்கின்றோம் அல்லமோ!

"அப்படியானால் கூட்டி அமைப்பதே சிறந்ததா, ஐயா?" என்று அவள் கேட்டாள். நான் உடனே விடை கூறவில்லை. இக்கேள்வியை அவளுக்கு முன்னரே நம் நாடே கேட்டுக்கொண்டது, அக்கதையைச் சொன்னேன்.

1950களில் இந்தியாவிற்குக் கணிப்பொறி வேண்டியிருந்தது. கல்கத்தாவில் மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எண்கள் மலைபோற் குவிந்து கிடந்தன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் காலம் அது. கணக்கு முடியும்வரை நாடு காத்திராது. அந்நிறுவனத்தார் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் பொறியை 1955 ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினர். மோகி முகர்ஜி, அமரேஷ் ராய் என்னும் பொறியாளர் இருவர் அந்நாடு சென்று பயின்று வந்து அதனை இங்கே நிறுவினர். இந்தியாவில் இயங்கிய முதல் எண்முறைக் கணிப்பொறி அது. பின்னர்ச் சோவியத்து நாட்டின் யூரல் பொறியும் அங்கே வந்தது.

பம்பாயில் ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் வேறு வழியை மேற்கொண்டனர். பொறியை வாங்காது, தாமே அமைப்பது என்று துணிந்தனர். அக்குழுவிற்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையிற் பிறந்த இரங்கசாமி நரசிம்மன். கிண்டியில் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1954 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திற் சேர்ந்தவர். அவர்கள் உடனே பெரும்பொறியைத் தொடங்கிவிடவில்லை. தம் திட்டம் சரியா என்று அறியும்பொருட்டு முதலில் சிறிய மாதிரிப் பொறி ஒன்றை அமைத்தனர். 1956 ஆம் ஆண்டில் அது இயங்கிற்று. தேர் செய்வதற்கு முன் கையடக்கத் தேர் ஒன்று செய்து பார்க்கும் தச்சரின் முறை இது. அதன் பின்னரே முழுப்பொறியைத் தொடங்கினர். அதில் 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 ஜெர்மானிய டயோடுகள், 12,500 மின்தடைகள் இடம்பெற்றன. ஜெர்மானியம் என்பது ஒரு தனிமம். ஜெர்மனி நாட்டிற் செய்தவை என்று பிறழக் கொள்ளற்க. நினைவகத்தில் 2,048 சொற்களை இருத்தலாம். இங்குச் சொல் என்பது 40 இருமை எண்கள் கொண்ட ஒரு தொகுதி. இன்று ஒரு பள்ளி மாணவரின் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைக்கூட அந்நினைவகம் கொள்ளாது.

அப்பொறி 1960 ஆம் ஆண்டு பிப்ரவரியில் முறைப்படி பணியிற் புகுந்தது. 1962 ஆம் ஆண்டில் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார். கூட்டி அமைப்போர் அனைவரும் அறிய வேண்டிய கசப்பான செய்தி ஒன்று இங்கே உண்டு. அவர்கள் அதனை முடித்த காலத்தில் உலகில் வெற்றிடக் குழலின் காலம் முடிந்து டிரான்சிஸ்டரின் காலம் தொடங்கிவிட்டது. பிறந்தபோதே அது பழைய பொறி. சில ஆண்டுகளே பணியாற்றிற்று. 1964 ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தார் அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 என்னும் பெரும்பொறியை விலைக்கு வாங்கினர்.

"அப்படியானால் உழைப்பு வீண்தானே?" என்றாள் மாணவி.

இவ்விடத்தில் நான் அவளோடு உடன்படவில்லை. கணக்கிடுதலே நோக்கமாயின் அது வீண் எனலாம். வாங்கியிருந்தால் முன்னரே கணக்கிட்டிருப்பர். அறிதலும் நோக்கமாயிருந்தது. கணிப்பொறி ஒன்றைச் சிந்தித்து, வரைந்து, பற்றவைத்து, பிழை கண்டு திருத்திய ஒரு குழு அதனால் இந்நாட்டில் உருவாயிற்று. பொறி மூப்படைந்தது, கற்றவர் கல்வி மூப்படையவில்லை. கல்கத்தாவினரும் வாங்கியதோடு நின்றுவிடவில்லை. வாங்கிய பொறிகளோடு பழகிய அறிவைத் துணைக்கொண்டு, யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 1966 ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர்களாலாகிய ஐசிஜு-1 என்னும் பொறியைத் தாமே அமைத்தனர். ஒருவர் அமைத்த பின் வாங்கினர். மற்றவர் வாங்கிய பின் அமைத்தனர்.

இன்னும் ஒன்று. டிஃப்ராக்கை அடிமுதல் அமைத்தனர் என்கிறோம். அதிலுள்ள வெற்றிடக் குழல்களை அவர்கள் ஊதிச் செய்தார்களா? இல்லை, வாங்கினர். எனவே அடி என்பது எங்கே இருக்கிறது? தோண்டத் தோண்ட அதற்குக் கீழும் ஓர் அடி தென்படும். 1980களில் அமெரிக்கப் பெருங்கணிப்பொறியைப் பெறுவதில் நம் நாட்டிற்குத் தடை நேர்ந்தது. 1988 ஆம் ஆண்டில் புனேயில் சி-டாக் என்னும் நிறுவனம் தோன்றிற்று. 1991 ஆம் ஆண்டில் பரம் 8000 என்னும் பெரும்பொறியை அது வெளிக்கொணர்ந்தது. அதன் செயலிகள் இங்கிலாந்தில் வடிவமைத்த டிரான்ஸ்பியூட்டர்கள். சந்தையில் எவரும் வாங்கத்தக்கவை. அவற்றைப் பலவாக இணைத்து ஒன்றாக உழைக்கச் செய்த அறிவே நம்முடையது. இவர்கள் கோடு கிழித்த இடம் செயலிக்கு மேலே. சென்னை ஐ.ஐ.டி.யிலோ காமகோடி அவர்களின் தலைமையில் 2014 ஆம் ஆண்டில் தொடங்கிய "சக்தி" திட்டத்தார் செயலியையே வரைந்தனர். 2018 ஆம் ஆண்டில் அச்செயலி ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், மற்றொன்று சண்டிகரை அடுத்துள்ள நம் குறைகடத்தி ஆய்வகத்திலும் வார்க்கப்பட்டன. அவர்களும் ஆணைத்தொகுதி ஒன்றைப் புதிதாய்ப் படைக்கவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2010 ஆம் ஆண்டில் தொடங்கி, எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று விட்ட ரிஸ்க்-ஃபைவ் என்பதையே மேற்கொண்டனர்.

இளைஞர்கள் வீட்டில் அமர்ந்து பொறி கூட்டிய வரலாறும் உண்டு. 1975 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்னும் பொறி உறுப்புகளாகப் பெட்டியில் அடைத்து விற்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த ஆப்பிள் நிறுவனத்தின் முதற்பொறி வேடிக்கையானது. பற்றவைத்த பலகை மட்டும் தருவர். புறக்கூடு இல்லை, விசைப்பலகை இல்லை, மின்னூட்டும் பகுதியும் இல்லை. உயிரைத் தந்து, உடலை நீயே தேடிக்கொள் என்றது போல! இங்கிலாந்தில் 1980 ஆம் ஆண்டில் விற்ற சின்கிளேர் இசட்.எக்ஸ்.80 உறுப்புகளாக வாங்கினால் 79.95 பவுன், கூட்டி முடித்து வாங்கினால் 99.95 பவுன். பற்றவைக்கும் கோலைப் பிடிக்கத் துணிந்தவர் அந்த 20 பவுனை மிச்சப்படுத்தினர். கை நடுங்கியவர் எத்தனை பவுன் இழந்தனரோ!

இவற்றையெல்லாம் கேட்டபின் அவள் சற்று நேரம் வாளாவிருந்தாள். நான் அவளிடம் இரண்டே வினவினேன். இப்பொறியால் உனக்கு நாளையே ஆக வேண்டிய வேலை உண்டோ? மூன்றாண்டு கழித்து ஓர் உறுப்புக் கெட்டால் உன் அன்னையார் மீண்டும் ஒரு சீட்டு எடுக்க இயலுமோ? இரண்டிற்கும் இல்லை என்றே விடை வந்தது. பள்ளித் தேர்வு ஆறு திங்களுக்கு அப்பால் இருந்தது. சீட்டோ முன்னரே எடுத்தாயிற்று. நாளையே வேலை உண்டு என்று அவள் கூறியிருப்பின், கடைக்காரர் சொல்லையே கேள் என்று அனுப்பியிருப்பேன்.

கூட்டி அமைப்பது என்று முடிவாயிற்று. பதினைந்து நாள் அவள் வாங்கவில்லை; எழுதினாள். எந்தப் பலகைக்கு எந்தச் செயலி, எந்த நினைவகம், எத்தனை வாட் மின்னூட்டி என்று ஒரு குறிப்பேட்டில் அட்டவணை வரைந்து, பழுதுபார்க்கும் இளைஞரிடம் காட்டித் திருத்திக்கொண்டாள். மின்னூட்டியில் மட்டும் சிக்கனம் வேண்டா என்று அவர் சொன்னாராம். மதுரையில் மின்னழுத்தம் ஏறியிறங்கும் வேளையில் மட்டமான எஸ்.எம்.பி.எஸ். தான் அழிவதோடு நில்லாது, தாய்ப்பலகையையும் உடன் அழைத்துச் சென்றுவிடுமாம். புறக்கூடு திலகர் திடற் சந்தையில் கிடைத்தது. கீறல் விழுந்த பழைய கூடுதான், துளைகள் ஏ.டி.எக்ஸ். முறைப்படியே இருந்தன. அகன்ற கூடு ஆதலின் சித்திரை வெயிலிலும் உள்ளே காற்றோட்டம் இருக்கும் என்று மகிழ்ந்தாள். அன்னையார் அதனைச் சவர்க்கார நீரிலே கழுவி மொட்டை மாடியில் உலர்த்தினார்.

பொருத்திய நாளன்று என்னையும் அழைத்திருந்தாள். உடலில் தேங்கிய நிலைமின் உறுப்புகளைக் கெடுக்கும் என்பதனால், ஒவ்வொரு முறையும் இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டே உறுப்பைத் தொட்டாள். செயலியை அதன் இருக்கையில் அழுத்தாது, தானே அமருமாறு வைத்தாள். அதன்மீது வெப்பம் கடத்தும் பசையை ஒரு கடலைப்பருப்பின் அளவு இட்டு விசிறியைத் திருகினாள். ஈராண்டு முன் விளக்கின் திரியை மாற்றவும் அஞ்சிய பெண் அவள். எல்லாம் முடிந்து விசையை அழுத்தியபோது விசிறி சுழன்றது, திரை விழிக்கவில்லை. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மீண்டும் மடித்தார். ரூ.30,000 அம்மேசையின்மேல் இருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். நினைவகத்தின் ஒரு முனை அரைகுறையாய் நுழைந்திருந்தது. இரு கட்டைவிரல்களாலும் ஊன்றி அழுத்த, "டக்" என்ற ஓசையோடு பக்கத்துக் கொக்கி தானே மூடிக்கொண்டது. மறுமுறை விசையை அழுத்தியதும் திரையில் வெண்ணிற எழுத்துகள் வரிசையாக ஓடின.

அன்னையார் அருகில் வந்து, திறந்திருந்த கூட்டினுள் எட்டிப் பார்த்தார். "இங்கே ஓர் இடம் வெறுமையாய் இருக்கிறதே, எதையேனும் விட்டுவிட்டாயா?" என்றார்.

"இல்லை அம்மா. அது இன்னொரு ராம் செருகும் இடம். அடுத்த சீட்டுக்கு" என்றாள் மகள்.